சாங்விக்கு ஒரு விநாடி

விரல்கள் கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வரி முடிந்ததும் வலது கை தானாகச் சற்று மேலே எழும்பி, பிறகு இறங்கும். வருஷக்கணக்காக டெலிபோன் போர்டில் ஒயரைச் செருகிப் பிடுங்கிய கை அது. வேலை மாறியும் பழக்கம் விடவில்லை.

"என்ன ஃப்ளோரா, புரோகிராம் எழுதறேளா, கோலம் போடறேளா? சார் பம்பாய்க்கு வண்டி பிடிக்கணும்."

கேட்டவர் சந்திரமௌலி, சிஞ்ச்வட் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர். 'சார்' என்றது பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பம்பாய்த் தலைமை அலுவலகத்து விஸ்வேஸ்வரனை.

"இந்தா முடிஞ்சிட்டு சார்," என்றாள் ஃப்ளோரா.

சிஞ்ச்வட்டுக்குப் பக்கத்து ஊரான கட்கியில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனால் அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வரும்போது கூடவே கொண்டுவந்த திருநெல்வேலிப் பேச்சு வீட்டில் இன்னும் மிச்சமிருந்தது. எழுபதுகளின் நடுவில் இங்கே போர்டில் சேர்ந்தாள். போர்டில் இருந்த பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஆபீஸ் மேஜைகளுக்கு இரண்டு மூன்று தடவை மணி அடித்தால் போதும். இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷெட்டுக்கு அப்படி இல்லை. ஃபோர்மேன் மெஷினை நிறுத்தி, கையிலிருக்கும் கிரீஸைத் துடைத்து, நடந்துவந்து எடுக்க வேண்டும். அதுவரை மணி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டு வைத்துவிட்டு 'ஆள் இல்லை' என்று சொல்லிவிட்டால், அது போர்டுக்காரிக்குத்தான் கேவலம்.

கம்ப்யூட்டர் வந்ததும் போர்டைக் குறைத்தார்கள். ஃப்ளோரா கம்ப்யூட்டர் அறைக்கு வந்தாள்; மேனுவல்களை ஒவ்வொரு பக்கமாகப் படித்துப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். அவளோடு போர்டில் இருந்த எல்சியை, சற்றுத் தள்ளி சாங்வியில் இருந்த தொழிற்சாலைக் கிடங்கின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள அனுப்பினார்கள்.

ஒரு கம்ப்யூட்டருக்கு எண் போட்ட பல வாசல்கள் உண்டு. 'போர்ட்' என்பார்கள்; டெலிபோன் போர்டு வேறு. பிரிண்டருக்கு ஒன்று, கணக்கு அனுப்ப ஒன்று என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வாசல். எந்த வாசல் திறந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க சந்திரமௌலி ஒரு புரோகிராம் வைத்திருந்தார். திறந்த வாசல் 'வா' என்று பதில் தரும். மூடிய வாசல் 'இல்லை' என்று உடனே சொல்லிவிடும். பதிலே வராவிட்டால்தான் சிக்கல். எவ்வளவு நேரம் காத்திருப்பது? நிறைய நேரம் விட்டால் சும்மா கிடக்கும் வாசல்களிலேயே பொழுது போய்விடும். சந்திரமௌலி எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு விநாடி வைத்தார். அதற்குள் பதில் வராவிட்டால் 'மூடியிருக்கிறது' என்று அச்சாகும்.

சாங்வி கம்ப்யூட்டரோ டெலிபோன் லைன் வழியாகப் பேசுவது. அங்கிருந்து பதில் வந்து சேரவே சில விநாடிகள் ஆகும். தினமும் சாங்வி 'மூடியிருக்கிறது' என்றே வந்தது. கம்ப்யூட்டரைப் போடாமல் எல்சி தூங்குகிறாள் என்று சந்திரமௌலி முடிவுகட்டினார். கிளார்க்குகள் எல்லாரும் பார்க்க அவளை நிற்க வைத்து, "உங்க ஊர்ல பகல்லயே தூங்குவாளோ?" என்றார். அடுத்த வாரம் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

"லைன் மெதுவா வருதுன்னு சொன்னேம்லா அக்கா. சிரிக்காரு," என்று எல்சி கட்கி பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதாள். அந்த அழுகை ஃப்ளோராவின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. சந்திரமௌலி 'குட் மார்னிங்' சொல்லும்போதெல்லாம் அது நெருடும். அவளும் சிரித்துக்கொண்டே 'குட் மார்னிங் சார்' என்பாள்.

இப்போது சாங்வி கிடங்கு பெரிய கிளையாகிவிட்டது. திங்கட்கிழமை முதல் அதற்குத் தலைவர் சந்திரமௌலி. சிஞ்ச்வட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டரோடு பழைய புரோகிராமும் போய்விட்டதால், புதிதாக எழுதும் வேலை ஃப்ளோராவுக்கு வந்தது. அதைத் தினமும் பம்பாயில் ஓட்டிப் பார்க்கப் போகிறவர் விஸ்வேஸ்வரன். சாங்விக்கு அங்கிருந்தும் அதே மெதுவான டெலிபோன் லைன்தான். எந்த இடம் மூடிக் கிடக்கிறதோ, அந்த இடத்துக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். இதுவும் எல்சியைப் பிடிக்கவென்று சந்திரமௌலி போட்ட விதிதான்.

ஃப்ளோரா போர்டு வழக்கப்படியே எழுதியிருந்தாள். மற்ற கம்ப்யூட்டர்களுக்கு ஒரு விநாடி, சாங்விக்குப் பத்து. ஓட்டிப் பார்த்தபோது சாங்வி வாசல்கள் அத்தனையும் திறந்திருந்தன. எல்சி சொன்னது உண்மை என்று காட்ட அது போதும். ஆனால் காட்டினால் என்ன ஆகும்? 'ஓ, அப்படியா' என்று சொல்லிவிட்டு அந்த மனுஷன் சொகுசாக சாங்வி நாற்காலியில் போய் உட்காருவார். அது அவளுக்கு வேண்டாம். எல்சி நின்ற இடத்தில் அவரை நிற்க வைக்க வேண்டும்.

நாற்காலியைத் திருப்பினாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். சாங்விக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க விடட்டும்?"

"அதென்ன சாங்விக்கு மட்டும் தனி மரியாதை?" சந்திரமௌலி சிரித்தார். "எல்லாத்துக்கும் ஒரு விநாடிதான். அதுக்குள்ள பதில் சொல்லலைன்னா அங்க இருக்கறவா தூங்கறான்னு அர்த்தம்."

"இல்ல சார், லைன் மெதுவா வருதுன்னு எல்சி சொன்னா. பத்து விநாடி விட்டிருந்தா அவ கம்ப்யூட்டர் அப்பவும் நல்லாத்தான் பதில் சொல்லியிருக்கும். இப்ப நீங்கள்லா அங்க உக்காரப் போறீங்க. பத்து வைக்கட்டுமா?"

விஸ்வேஸ்வரன் கோப்பையைக் கீழே வைத்தார். "யாரு எல்சி?"

சந்திரமௌலியின் சிரிப்பு அடங்கியது. அவருக்கு விளங்கிவிட்டது என்பதை அவர் காது மடல் சிவந்ததிலேயே ஃப்ளோரா கண்டுகொண்டாள். பத்து என்றால், ஒரு குற்றமும் செய்யாத பெண்ணைத் துரத்தினேன் என்று தலைமை அலுவலகத்து மனிதர் முன்னால் ஒப்புக்கொண்டதாகும். ஒன்று என்றால், திங்கட்கிழமை முதல் 'தூங்குகிறவர்' அவரேதான்.

அவள் அவசரப்படுத்தவில்லை. பிரஸ் ஷெட்டுக்கு மணி அடித்துவிட்டுக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தாள்.

"பழைய ஆள் ஒருத்தி சார். வேலை சரியில்லை, போயிட்டா," என்றார் சந்திரமௌலி கடைசியில். பிறகு அவளைப் பார்க்காமலே, "ஒண்ணே போதும்."

"சரி சார்."

திரும்பி, பத்தை அழித்து ஒன்று என்று அடித்தாள். தெரிந்தே தப்பான வேலை செய்வது அவளுக்கு இதுதான் முதல் தடவை. கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் அந்த எண்ணைச் சரிபார்ப்பதுபோல ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புரோகிராமை ஒரு ஃப்ளாப்பி டிஸ்க்கில் ஏற்றி, உறையில் போட்டாள்.

சந்திரமௌலி கையை நீட்டினார். அவரைத் தாண்டிப்போய் விஸ்வேஸ்வரனிடம் இரண்டு கையாலும் கொடுத்தாள்.

"திங்கக்கிழமை காலையிலயே ஓட விடுங்க சார். மொதல்ல சாங்வியப் பாருங்க."