ஸ்பெயினுக்கு முன்னால் வெள்ளிமலை: இரண்டு நாள் தமிழ் இல்லாத பயணம்

இந்தப் பயணம் போன பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு போனது. வெள்ளிமலையில் என்ன பார்க்கலாம் என்று தேடி வந்தவர்களுக்கு இதில் கொஞ்சம் தகவல்தான் இருக்கும். பிள்ளையை மொழி படிக்க வெளிநாடு அனுப்பலாமா என்று யோசிப்பவர்களுக்கு நிறைய இருக்கும்.

என் மகள் பவித்ரா சென்னையில் கல்லூரியில் படிக்கிறாள். அங்கே ஸ்பானிஷ் விருப்பப் பாடம். ஒரு செமஸ்டர் ஸ்பெயினுக்குப் போய், ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கும் திட்டத்துக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். காலையில் கண் விழித்தால் இரவு படுக்கும்வரை ஸ்பானிஷ் தவிர வேறு பேச்சு கூடாது. விமானம், தங்கல் எல்லாம் சேர்த்து ஆறு லட்சத்து நாற்பதாயிரம். சம்மதமா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

என் மனைவி வளர்மதிக்குச் சம்மதமே இல்லை. "பாஷை தெரியாத ஊருங்க. எவனாவது ஏமாத்திட்டா யாருகிட்ட போய் சொல்லுவா?" என்று ஒரே பிடி.

நான் தியாகதுருகத்தில் மூட்டை தூக்கி ஆரம்பித்து, இன்று கள்ளக்குறிச்சியில் மக்காச்சோள வியாபாரம் செய்கிறவன். சாம்பிள் பார்க்காமல் ஒரு லோடு எடுத்ததில்லை. அதனால் அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்த பவித்ராவிடம் சொன்னேன்: ரெண்டு நாள் கல்வராயன் மலைக்குப் போவோம், அங்கே எனக்கு வியாபாரமும் இல்லை, நம்மைத் தெரிந்தவரும் இல்லை. நீ தமிழோ இங்கிலீஷோ பேசினால் ஸ்பெயின் கிடையாது. அவள் விடவில்லை.

"நீங்களும் பேசக்கூடாதுப்பா. நீங்க பேசினா நான் போறது உறுதி. சரியா?"

எனக்கென்ன, வாயை மூடிக்கொண்டு இரண்டு நாள் இருக்க முடியாதா? சரி என்றேன். இருபது வார்த்தை சொல்லிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை 6.40க்குக் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினோம். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலைப்பாதை. ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். இடது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாந்தி வருகிறவர்கள் காலையில் ஒன்றும் சாப்பிடாதீர்கள்.

கண்டக்டர் வந்தார். பவித்ரா இரண்டு விரலைக் காட்டி, "தோஸ், வெள்ளிமலை" என்றாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னா சார், வெளிநாட்டுப் புள்ளயா? மூஞ்சியப் பாத்தா நம்மூராட்டம் இருக்குது."

நான் அவள் சொல்லிக் கொடுத்த வணக்கத்தை எடுத்துவிட்டேன்: "ஓலா."

"சரியாப் போச்சு. ரெண்டு பேருமா?" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, இறங்கும்வரை எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெள்ளிமலையில் ஒரு சின்ன விடுதியில் இரண்டு அறை, இரண்டும் சேர்த்து ஒரு நாளுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். குளிர் நன்றாகவே இருக்கும், போர்வை எடுத்துப் போங்கள்.

போனதும் பவித்ரா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மதியம் பிஸ்கட், ராத்திரியும் பிஸ்கட். யாரிடமாவது கேட்கப் போனால் சிரிப்பார்களோ என்ற பயம். எப்போதும் முதல் மார்க் வாங்குகிற பிள்ளை அது, தப்பாகப் பேசி நான்கு பேர் முன்னால் நின்றதே இல்லை. இப்படியே கதவைச் சாத்திக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்வரை ஓட்டினால் பந்தயத்தில் ஜெயித்துவிடுவாள். ஆனால் ஸ்பெயினில் ஐந்து மாதம் பிஸ்கட் தின்ன முடியுமா?

விடுதிக்காரர், "கீழ கடையில முட்ட வாங்கிக்கினு வந்தீங்கன்னா பொரிச்சுக் குடுக்கறேங்க" என்று சொல்லியிருந்தார். ஞாயிறு காலை நான் பவித்ராவின் கதவைத் தட்டி, ஐந்நூறு ரூபாய் நோட்டை அவள் கையில் வைத்து, ஆறு விரல் காட்டி, கடை இருக்கும் திசையைக் காட்டினேன். முறைத்தாள். போனாள். நானும் பின்னாலேயே போய் பத்தடி தள்ளி நின்றேன்.

கடைக்காரப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். பஸ்ஸுக்குக் காத்திருந்த இரண்டு பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முட்டை எதுவும் கண்ணில் படவில்லை. அங்கெல்லாம் நாட்டுக்கோழி முட்டையைக் கேழ்வரகுப் பானைக்குள் புதைத்து வைப்பார்கள். ஆகவே கைகாட்டி வாங்கவும் வழியில்லை.

"இன்னா கண்ணு வோணும்?"

"வேவோஸ்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இந்திக்காரப் புள்ள போலக்கா. வேலைக்கு வந்திருக்கும்."

உடனே கடைக்காரப் பெண் குரலை உயர்த்தி, "பானி? ரொட்டி?" என்று காது கேட்காதவரிடம் பேசுவதுபோலக் கத்தினார். மற்ற இருவரும் சிரித்தார்கள். பவித்ராவின் முகம் சிவந்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் தளும்பியது. உதடு பிரிந்தது. தமிழ் வரப்போகிறது என்று தெரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஆறு லட்சத்து நாற்பதாயிரம் மிச்சம் என்று மனசு ஒரு பக்கம் கணக்குப் போட்டது. இன்னொரு பக்கம், பேசிடாதே பாப்பா என்று கெஞ்சியது.

அவள் பேசவில்லை. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இரண்டு முழங்கையையும் அடித்துக்கொண்டு, "கொக்... கொக்... கொக்கொக்கோ!" பிறகு கையைப் பின்னால் விட்டு எதையோ எடுத்து, பத்திரமாக நீட்டிக் காட்டினாள்.

"அய்யோ, கோழி வோணுமாம்!"

"கோழி இல்லடி, முட்ட! பின்னால எடுத்துக் காட்டுது பாரு!"

கடையே அதிர்ந்தது. "இன்னொரு வாட்டி பண்ணு கண்ணு" என்றார் கடைக்காரப் பெண். பவித்ரா இன்னொரு வாட்டியும் செய்தாள், இந்த முறை அவளும் சேர்ந்து சிரித்துக்கொண்டே. கொக்கரிப்பது எந்த மொழியிலும் சேராது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

பவித்ரா ஆறு விரல் காட்ட, பானையிலிருந்து ஆறு முட்டை வெளியே வந்தன. கடைக்காரப் பெண் பத்து விரலும் ஐந்து விரலும் காட்டினார். "ஒண்ணு பதினஞ்சு."

நாட்டுக்கோழி முட்டைக்கு அது நியாயமான விலைதான். ஆனாலும் கேட்ட விலைக்கு அப்படியே வாங்குவதா? பவித்ரா பேரம் பேசுவாள் என்று காத்திருந்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பத்து விரலை இரண்டு முறை விரித்துக் காட்டினாள்.

"இருவதா? நான் பதினஞ்சுதானே சொன்னேன்?" கடைக்காரப் பெண்ணே குழம்பிப் போனார்.

பவித்ரா பலமாகத் தலையாட்டி, மறுபடியும் இருபது காட்டி, ஐந்நூறை நீட்டினாள்.

"ஏய் பவி! அவங்க பதினஞ்சு சொல்றாங்க, நீ இருவது காட்ற! பைத்தியமா உனக்கு?"

யார் குரல் அது என்று ஒரு நொடி எனக்கே தெரியவில்லை. பவித்ரா எழுந்து சுடிதாரைத் தட்டிவிட்டுக்கொண்டு, "கிராசியாஸ், அப்பா" என்று ஸ்பானிஷில் நன்றி சொன்னாள்.

கடைக்காரப் பெண் இடுப்பில் கையை வைத்தார். "அய்ய, நம்மூருதானா! அப்போ இவ்ளோ நேரம் அப்பனும் பொண்ணும் இன்னாத்த பண்ணிக்கினு இருந்தீங்க?"

நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண்கள் பஸ்ஸை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஆறு முட்டையை எண்பது ரூபாய்க்கு முடித்தேன். அதிலாவது தோற்கவில்லை.

மதியம் மேகம் அருவி பார்த்தோம். பிப்ரவரியில் தண்ணீர் கம்மி. மழைக்காலம் முடிந்த கையோடு போங்கள்.

ராத்திரி ஏழரைக்கு வீடு. வளர்மதி வாசலிலேயே நின்றாள். "இன்னாங்க, பேசிட்டாளா?"

"அவ பேசல. நான்தான் பேசிட்டேன்."

முழுக் கதையையும் கேட்டாள். கேட்டுவிட்டு மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "வேணும்னேதான் இருவது காட்டுனியா?"

"பின்ன? பதினஞ்சுக்கு வாங்கியிருந்தா அப்பா பல்லக் கடிச்சிக்கினு நின்னிருப்பாரும்மா."

வளர்மதி நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இத்தனை வருஷத்துல சந்தையில ஒருத்தனும் உங்கள ஏமாத்தினதில்ல. இவ வாயத் தெறக்காமலே ஏமாத்திட்டா. இவள எவன் ஏமாத்தப் போறான்? போவட்டும்."

இதே யோசனையில் இருப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது இதுதான். பிள்ளைக்கு எத்தனை வார்த்தை தெரியும் என்று பார்க்காதீர்கள். நான்கு பேர் சிரிக்கும்போது ஓடுகிறதா, நிற்கிறதா என்று பாருங்கள். அதற்கு ஸ்பெயின் வேண்டாம், தெரியாத ஊர்க் கடை ஒன்று போதும். பஸ், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து எங்கள் இருவருக்கும் இரண்டாயிரத்துக்குள் முடிந்தது.

அடுத்த வாரம் விசா வேலையாகச் சென்னை போகிறோம். வழியில் ஆட்டோக்காரர்களிடம் பேரம் பேசும் பொறுப்பை அவளிடம் விட்டிருக்கிறேன். நான் பின்சீட்டில் வாயை மூடிக்கொண்டு வருவதாக ஒப்பந்தம்.