என் முறை

என் வீட்டுக்காரர் தூக்கத்தில் நடப்பார். கல்யாணமாகி இருபது வருஷம் இல்லாத பழக்கம், போன தை மாதம் ஆரம்பித்தது. நடந்தால்கூடப் பரவாயில்லை, பேசவும் செய்தார். “இன்னைக்கு என் முறை. விட்டா போயிடும்” என்று முனகிக்கொண்டே வாசல்வரை போய்த் திரும்பி வந்து படுத்துக்கொள்வார்.

முறை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அவருடைய முறைப்பெண், அத்தை மகள், எங்கள் தெருக்கோடி வீட்டில்தான் இருக்கிறாள். அவருக்கென்று பேசி, ஜாதகம் சேரவில்லை என்று விட்ட பெண். இப்போதும் கோயிலில் பார்த்தால், “அத்தான், இளைச்சுப் போயிட்டீங்களே” என்பாள். மூன்று வேளையும் வடித்துக் கொட்டுகிற நான் பக்கத்தில் குத்துக்கல்லாக நிற்பேன்.

“கனவுல யாரு வந்தா?” என்று காலையில் கேட்டால், “யாரும் வரலியே” என்பார். அந்த அப்பாவி முகத்தைப் பார்க்கப் பார்க்கத்தான் ஆத்திரம் அதிகமாகும்.

ஒருநாள் ராத்திரி தாழ்ப்பாளை நீக்கித் தெருவிலேயே இறங்கிவிட்டார். கதவைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனேன். எழுப்ப மனமில்லை. எங்கே போகிறார் என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். நேராகத் தெருக்கோடிக்குத்தான் போனார். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவள் வீட்டு வாசலில் அவர் நிற்கவே இல்லை. தாண்டிப் போய், வாய்க்கால் ஓரம் எங்கள் வயல் மடையில் குந்தி, கையால் மண்ணை விலக்கினார்.

முறைத் தண்ணீர்! ஆற்றில் தண்ணீர் குறைந்தால் வாய்க்காலுக்கு முறைவைத்துத்தான் விடுவார்கள். எங்கள் முறை ராத்திரி வந்தால் ராத்திரியே போய் மடை திறக்க வேண்டும். கல்யாணமான புதிதில் அவர் திரும்பும்வரை நான் சாப்பிடாமல் விழித்திருப்பேன். வயலில் போர்வெல் போட்ட பிறகு அந்த வேலையே இல்லை.

எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அதற்குள் அவர் எழுந்து, “அவ சாப்பிடாம உக்காந்திருப்பா” என்றார். அப்படிக் கனிந்த குரலில் என்னிடம் பேசி எத்தனையோ வருஷமாகிறது. எவள் அவள்? மறுபடியும் பற்றிக்கொண்டது.

விறுவிறுவென்று நடந்து எங்கள் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டினார்.

“வந்துட்டேன், கதவத் தொறம்மா.”

அவருக்குப் பின்னால் தெருவில் நின்றுகொண்டிருந்தேன். அந்த ‘அவ’ நான்தான், இருபது வருஷத்துக்கு முந்தைய நான். தெருக்கோடிக்காரிமேல்கூட எனக்கு இவ்வளவு பொறாமை வந்ததில்லை. இப்போதெல்லாம் நான் சீரியல் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறேன். பிறகு அவர் யாரிடம் அந்தக் குரலில் பேசுவார்?

மறுபடியும் தட்டினார். கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் கழன்று ஒரு மாதமாகிறது, மாற்றச் சொல்லித் தினமும் கத்திக்கொண்டிருந்தேன். நல்லவேளை, மாற்றவில்லை. சுற்றிக்கொண்டு கொல்லைவழியாக ஓடி, உள்ளிருந்து வாசல் கதவைத் திறந்தேன்.

“வாங்க” என்றேன். “நான் இன்னும் சாப்பிடல.”