புட்டுக்குழலுக்கு நான் போட்ட சிவப்பு மை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, என்னை ஒரு மணித்தியாலம் பேசவிடாமல் செய்துவிட்டார்கள்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். என் மனைவி நாற்பத்தொன்பது வருடமாக முயன்று தோற்றது. செய்து காட்டியவர் ஒரு பல் டாக்டர்.

கடைவாய்ப் பல்லில் வலி. சிட்னியில், பென்டில் ஹில்லில் நான் வழக்கமாகப் போகும் கிளினிக்கில் பழைய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். புதியவர் தமிழர் என்று ரிசப்ஷனில் சொன்னார்கள். மாஸ்க் போட்ட ஒருவர் வந்தார். வாயைத் திறக்கச் சொன்னார். ஊசியைப் போட்டார். விறைக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்று கை கழுவினார்.

கழுவிக்கொண்டே வாயால் தாளம் போட்டார். பும்... ச்சிக்... பும்-பும்... ச்சிக்.

அந்தத் தாளம் எனக்குத் தெரியும். முப்பது வருடம் ஆனாலும் தெரியும்.

அவர் திரும்பினார், மாஸ்க்கை இறக்கினார். நிமல்!

"என்ன அங்கிள், இனி ஒரு மணித்தியாலத்துக்கு நீங்கள் கதைக்க ஏலாது. இண்டைக்கு நான் கதைக்கிறன்," என்றான்.

அவன் என்ன கதைத்தான் என்பதைச் சொல்வதற்கு முன்னால், இத்தனை வருடம் இந்தப் பத்தியில் நான் எழுதாமல் தவிர்த்து வந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நல்ல நகைச்சுவைக் குழு ஒன்று இருந்தது. அதைக் கெடுத்தவன் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஹோம்புஷ் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கலைவிழா. நடன நிகழ்ச்சி ஒன்றின் நடுவில் கேசட் சிக்கி, நாடா குடல் குடலாக வெளியே வந்துவிட்டது. பத்து நிமிடம் வெறும் மேடை. சபையில் குழந்தைகள் ஓடத் தொடங்கினார்கள். அப்போது பின்னால் கதிரை அடுக்கிக்கொண்டிருந்த மூன்று யூனிவர்சிட்டிப் பிள்ளைகள், தாங்கள் ஏதாவது செய்யட்டுமா என்று கேட்டார்கள். யார் அனுமதித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அனுமதித்தவருக்குக் கோடி புண்ணியம்.

கஜன் வரிகளை எழுதுவான், சொல்லுவான். நிமல் வாயாலேயே டிரம்ஸ் வாசிப்பான். துஷ்யந்தி — எல்லோருக்கும் துஷி — அன்ரிமாரின் குரலில் குறுக்கே புகுந்து பதில் சொல்லுவாள். கையில் அவளுடைய அம்மாவின் குசினியில் இருந்து சுட்டு வந்த சில்வர் புட்டுக்குழல். அதைக் கரண்டியால் தட்டுவாள். அதனால்தான் பெயரே 'புட்டுக்குழல்'.

அமெரிக்கக் கறுப்பினப் பிள்ளைகள் பாடும் ராப் என்பதை நாங்கள் டிவியில் கண்டதும் சானலை மாற்றிவிடும் காலம் அது. அன்றைக்கு மாற்ற சானல் இல்லை.

"கோயிலுக்குப் போனோம் — பார்க்கிங் இல்லை
பார்க்கிங் கிடைச்சுது — செருப்பு இல்லை
செருப்பு கிடைச்சுது — அது என்ர இல்லை
என்ர இல்லாட்டி என்ன, சைஸ் ஒம்பது, தொல்லை இல்லை!"

மண்டபம் ஒரு விநாடி திகைத்தது. பிறகு... நான் அப்படி ஒரு சிரிப்பை இந்த நாட்டில் கேட்டதில்லை. யோசித்துப் பாருங்கள். பாதிப் பேர் போருக்குத் தப்பி ஊரை விட்டு ஓடிவந்தவர்கள். இரண்டு வேலை, மூன்று ரயில், சொந்தங்களுக்கு விசா விண்ணப்பம். அந்தச் சனம் தன்னைப் பார்த்துத் தானே சிரித்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவர்கள்தான் ராசாக்கள். கலியாணம், பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, ஐம்பதாவது பிறந்தநாள் — புட்டுக்குழல் இல்லாத விசேஷம் விசேஷமா? ஒரு கேசட் பதிவு செய்தார்கள். மளிகைக் கடையில் அரிசி மூட்டை வாங்கினால் அது இலவசம் என்றார் கடைக்காரர். கேசட்டுக்காக அரிசி வாங்கிய வீடுகளை எனக்குத் தெரியும். மெல்பேர்னில் இருந்து அழைப்பு வந்தது. என் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். நான் அவர்களுடைய 'மனேஜர்'. யார் நியமித்தது? நான்தான்.

அந்தப் பயணம் முழுக்க வானுக்குள் சிரிப்பு. வழியில் கல்பர்னில் பெற்றோல் அடிக்க நிறுத்தினால், அங்கே நின்ற லொறிக்காரரைப் பற்றி நாலு வரி. சிரித்து வயிறு நொந்து வண்டியை ஓரமாக நிறுத்தியிருக்கிறேன். மெல்பேர்ன் மண்டபத்தில் கதிரை போதாமல் சனம் சுவரோடு நின்றது. என் பிள்ளைகளே மேடையில் நிற்பதுபோல நெஞ்சு நிமிர்த்தி நானும் நின்றேன்.

இவ்வளவு பாசம் இருந்தது. அப்புறம் ஏன்?

ஊரில் பன்னிரண்டு வருடம் நான் ஆசிரியன். இங்கே வந்தபின் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கோப்பு நகர்த்தினேன். அங்கே யாரும் என் கையில் சிவப்புப் பேனா தரவில்லை. சங்கம் தந்தது. அந்த இரண்டு வருடத்தின் முடிவில் என்னைக் கலைச் செயலாளராக்கியது.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேடை ஏறும் எதையும் இரண்டு வாரம் முன்பே எழுதிக் கலைச் செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் 'பார்த்து' தருவார். முதல் தடவை மேடையில் சும்மா ஏறிவிட்ட புட்டுக்குழல், இப்போது பாட்டு எழுதிய கொப்பியோடு என் வீட்டு வாசலில் நின்றது.

நான் பார்த்தேன். பார்த்ததோடு விட்டேனா? திருத்தினேன்.

'பார்க்கிங்' என்பதை அடித்து 'வாகனத் தரிப்பிடம்' என்று எழுதினேன். 'செருப்பு' மேடைக்கு அழகல்ல, 'பாதணி'. 'கோயிலுக்குப் போனோம்' என்ன மொழி? 'ஆலயம் ஏகினோம்'. ஓரத்தில் 'சொற்சுவை போதாது' என்று குறிப்பு வேறு. கஜன் ஒரே ஒரு தடவை, அது தாளத்துக்குள் வராது அங்கிள் என்றான். தாளத்தைத் திருத்து என்றேன்.

இவ்வளவு சனம் இந்தப் பிள்ளைகளைக் கேட்கிறதே, இவர்களைக் கொண்டு மொழியை வளர்க்கலாமே — இப்படித்தான் எல்லோரிடமும் காரணம் சொன்னேன். எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

இது பாதி உண்மை. மற்றப் பாதியை இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

அவர்களின் புகழ்பெற்ற பாட்டுகளில் ஒன்று, மைக்கை விடாத ஒரு அங்கிளைப் பற்றியது. கஜன் மேடைக்கு வருவான். கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைப்பான். பிறகு அந்தப் பக்கமே பார்க்க மாட்டான்.

"ரெண்டே ரெண்டு வார்த்தை எண்டு மைக்கைப் பிடிச்சார் அங்கிள்
ஏறேக்கை எனக்கு மீசை இல்லை — இறங்கேக்கை தாடி!"

முதல் நாள் அதைக் கேட்டு அந்த மண்டபத்தில் அதிகம் சிரித்தவன் நான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவரின் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தேன். திரும்பி வரும்போது காரில் மனைவி கேட்டாள்:

"ஏனப்பா அப்பிடிச் சிரிச்சனீங்கள்? அது நீங்கள்தானே."

திரும்ப வேண்டிய தெருவை விட்டுவிட்டு நேரே போய்விட்டேன்.

கைக்கடிகாரத்தைக் கழற்றி வைப்பது என் பழக்கம் என்று எனக்கே அதுவரை தெரியாது! சபை முழுவதற்கும் தெரிந்திருக்கிறது.

பிறகு, கொப்பி என் கைக்கு வந்தபோது நான் முதலில் வெட்டிய பாட்டு எது என்று நினைக்கிறீர்கள்? 'வாகனத் தரிப்பிடம்' எல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

அடுத்த கலைவிழாவில் மூன்று பேரும் பட்டு உடுத்து வந்தார்கள். நான் சொல்லித்தான். புட்டுக்குழலுக்குப் பதிலாக மிருதங்கம். தாய்மொழியின் பெருமை பற்றிப் பன்னிரண்டு நிமிடம். எல்லாம் என் திருத்தம், பாதிக்கு மேல் என் வரி. நிமல் வாயை மூடிக்கொண்டு தாளம் போட்டான் — கையால், தொடையில். சபையில் யாரோ இருமினார்கள். முடிந்ததும் மரியாதையாகக் கைதட்டினார்கள்.

வெளியே ஒரு அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்பதான் பிள்ளையள் திருந்தி வந்திருக்கினம் என்றார். அதைவிடக் கொடுமையான விமர்சனம் ஒரு நகைச்சுவைக் குழுவுக்கு உண்டா? எனக்கு அன்றைக்கு அது பாராட்டாகக் கேட்டது.

பின்மேடையில் கஜன், பட்டு வேட்டியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "இப்ப சரியா அங்கிள்?" என்றான். மிக நன்று என்றேன். கொப்பியின் கடைசிப் பக்கத்திலும் அதையே எழுதினேன். அவன் கொப்பியைத் திருப்பி வாங்க வரவில்லை.

இன்னும் இரண்டு மேடை. பிறகு அழைப்புகள் குறைந்தன. துஷி வேலைக்காகப் பேர்த் போனாள். நிமலுக்கு டென்டிஸ்ட்ரி பரீட்சை. கஜன் மெல்பேர்னில் ஏதோ ஐ.டி. கம்பனி. பிள்ளைகள் வளர்ந்தால் இப்படித்தான் என்று ஊர் சொன்னது. நானும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

சரி... மறுபடியும் அந்தக் கதிரை. என் தாடை மரக்கட்டை. நிமல் பல்லைக் குடைந்துகொண்டே சொன்னான். கஜன் மகளோடு சிட்னி வருகிறான், துஷியும் பேர்த்தில் இருந்து வருகிறாள், ஞாயிறு மத்தியானம் ஹோம்புஷில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்திக்கிறோம், நீங்களும் வாங்கோ அங்கிள் என்றான். நான் ஏதோ சொல்ல முயன்றேன். எச்சில்தான் வந்தது. அவன் அதைத் துடைத்துவிட்டு, அப்ப ஓம் எண்டுதான் அர்த்தம் என்றான்.

வீட்டுக்கு வந்து கராஜில் தேடினேன். கொப்பி இருந்தது. முப்பது வருடத்தில் அவர்களின் நீல மை மங்கியிருந்தது. என் சிவப்பு மை மட்டும் நேற்று எழுதியதுபோல. இதைக் கொண்டுபோய்க் கொடுப்பதா, குப்பையில் போட்டுவிட்டுப் பல் வலி என்று சொல்லி இருந்துவிடுவதா? நான்கு நாள் யோசித்தேன். கஜனின் முகத்தைப் பார்க்கப் பயம். எழுபத்தெட்டு வயதில், என் மகன் வயதுக்காரனுக்குப் பயம்.

போனேன். கஜனுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. எழுந்து கதிரை இழுத்துப் போட்டான். தோசை வரும் முன்பே கொப்பியை அவன் முன்னால் வைத்தேன். அவன் திறந்தான். பக்கம் பக்கமாகப் பார்த்தான். சிரிக்கவில்லை. துஷி எட்டிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

பக்கத்தில் அவன் மகள். பத்தொன்பது வயது. கொப்பியைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டாள். கஜன் ஒரு வரியை இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தான். அது சிரிப்பாக வரவில்லை. பாதியில் விட்டான்.

"அவளுக்குத் தமிழ் தெரியாது அங்கிள்," என்றான். "நான்தான் படிப்பிக்கேல்லை. பிழை விட்டா ஆராவது திருத்துவினம் எண்டு... எனக்கே கதைக்க விருப்பம் இல்லாமப் போச்சு."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். மொழியை வளர்க்கிறேன் என்று நான் வெட்டிய வெட்டு, எந்தக் கிளையில் விழுந்திருக்கிறது பாருங்கள்.

நான் எழுந்து நின்றேன். என்னை அறியாமல் கை கடிகாரத்துக்குப் போய்விட்டது. கழற்றி மேசையில் வைத்தும் விட்டேன். துஷி வாயைப் பொத்திக்கொண்டாள். நிமல் மேற்கூரையைப் பார்த்தான்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, பிள்ளையள்," என்றேன்.

உட்கார்ந்துவிட்டேன். வேறொன்றும் வரவில்லை.

கஜன் என் கடிகாரத்தைக் கையில் எடுத்தான். ஆற அமரப் பார்த்தான்.

"அங்கிள், ரெண்டே ரெண்டு வார்த்தை. இன்னும் நாப்பது நிமிஷம் மிச்சம் கிடக்கு."

துஷிதான் முதலில் வெடித்தாள். பிறகு நிமல். பிறகு கஜன் கொப்பியைத் தூக்கிப் பிடித்தான், தொண்டையைச் செருமினான், என் குரலிலேயே — என் அதே குரலிலேயே! — தொடங்கினான்: "ஆலயம் ஏகினோம்... வாகனத் தரிப்பிடம் இல்லை..." நிமல் பும்-ச்சிக் போட்டான். துஷி சாம்பார் வாளியைக் கரண்டியால் தட்டி, "பாதணி வாய்த்ததோ பிள்ளாய்?" என்று குறுக்கே புகுந்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். நான் திருத்திய பாட்டுக்கு முப்பது வருடம் கழித்து முதல் தடவையாகச் சனம் சிரித்தது.

மகளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அப்பாவை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு 'பாதணி' என்றால் என்ன என்று என்னிடம் கேட்டாள். செருப்பு என்றேன். அவள் சொல்லிப் பார்த்தாள். உச்சரிப்பு பிழை. நான் வாயைத் திறக்கவில்லை.

கஜன் அந்தக் கொப்பியோடு என் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு மெல்பேர்ன் போய்விட்டான். போகட்டும். என்னிடம் இருந்தபோது மட்டும் அதை யார் பார்த்தார்கள்?