பெட்டிக்கு வைத்த சந்தனம்

சந்தனக் கிண்ணத்தைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் குமட்டுகிறது. மாரியம்மன் கோயிலுக்கு வருஷா வருஷம் நான்தான் சந்தனம் அரைத்துக் கொடுப்பேன், வேறு யார் அரைத்தாலும் பூசாரிக்குத் திருப்தி வராது. அப்படிப்பட்டவளுக்கு இந்த நிலைமை வந்திருக்கிறது.

என் மகள் எங்கள் வட்டாரத்துத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் வாத்தியாராக இருந்தாள். தொப்பூர்க் கணவாயில் லாரி மோதி மருமகன் போன பிறகு, அந்த வேலைதான் அவளை நிமிர்த்தி வைத்திருந்தது. பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு சின்னச் செயற்கைக்கோள் செய்தாள். மோர்ச் செம்பு உயரம்தான் இருக்கும் அந்தப் பெட்டி. ராக்கெட்டில் மேலே போய், எந்த ஏரியில் தண்ணீர் இருக்கிறது, எது வறண்டது என்று படம் பிடித்து அனுப்பும். அதில் கேமரா அவள் பொறுப்பு.

நான் மூன்றாவதோடு நின்றவள். ஆனாலும் அவரைக்காய் உரிக்கிற நேரத்தில் எல்லாம் சொல்லுவாள்.

“மேல காத்தே இல்லம்மா. ஒரு பக்கம் வெயில் கொளுத்தும், மறுபக்கம் ஐஸா இருக்கும். பெட்டியில துளி எண்ணெப் பிசுக்கு இருந்தாலும் அது ஆவியாகிப் போய் குளுந்த எடத்துல ஒட்டிக்கும். நம்மகிட்ட குளுந்த எடம் கேமராக் கண்ணாடிதான்.”

“முறுக்கு சுட்டா சன்னல்ல ஒட்டுதே, அதாட்டமா?”

“அதேதான். சன்னல நீ தொடைச்சிடுவ. அங்க யாரு போய்த் தொடைக்கறது?”

அதனால் அந்தப் பெட்டி இருந்த அறைக்குள் தலைக்குக் குல்லா, கைக்கு உறை இல்லாமல் ஒருவரையும் விட மாட்டாள்.

பெட்டியை அனுப்பி வைப்பதற்கு முதல் நாள் கல்லூரியில் விழா. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தாளாளர் சொன்னாரென்று பெட்டியை வெளியே கொண்டு வந்து வாழையிலை மேல் வைத்தார்கள். புது டிராக்டர் வாங்கினால் எங்கள் பக்கம் என்ன செய்வோமோ அதையே செய்தார்கள். தாளாளரின் சம்சாரம் மூடியிருந்த கவரை எடுத்துவிட்டு, விளக்கில் எண்ணெய் ஊற்றிய அதே கையால் சந்தனத்தைக் குழைத்து மூன்று பக்கமும் வைத்தாள். குங்குமம் வைத்தாள். கேமராக் கண்ணாடிக்கு ஒரு விரல்கடை தள்ளி ஒரு பொட்டு. சூடத்தை வேறு சுற்றினார்கள்.

என் மகள் ஓடி வந்தாள். “மேடம், தொடாதீங்க மேடம்.”

அந்தம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நல்ல காரியம் நடக்குது. நீ கொஞ்சம் ஒதுங்கி நில்லும்மா.”

எல்லார் காதிலும் விழுந்தது. கைதான் தட்டினார்கள். அவர்கள் கொடுத்த கேசரியை நான் நாற்காலிக்கடியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் ஈரத் துணியால் துடைத்தார்கள். இடுக்கில் போனது போனதுதான், பிரித்துச் சுத்தம் செய்து, காற்றில்லாத அடுப்பில் வைத்துச் சுட்டெடுத்தால்தான் போகும் என்று மகள் கெஞ்சினாள். அதற்கெல்லாம் நாள் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

ராக்கெட்டில் பெட்டி மேலே போய், முதலில் வந்த படத்தில் எங்கள் ஏரி கறுப்புப் பொட்டாகத் தெரிந்தது. செல்போனில் காட்டினாள். போகப் போகப் படம் மங்கியது. கடைசியில் பால் ஊற்றினாற்போல் வெறும் வெள்ளை. படிந்த பிசுக்கை வெயில் காய்ச்சி இறுக்கிவிட்டதாம், இனி விடாதாம்.

பிறகு ஒரு நாள் தாளாளரும் சம்சாரமும் பழம், குங்குமம், சந்தனக் கிண்ணம் வைத்த தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

“நாளைக்குப் பத்திரிகைக்காரங்க வராங்கம்மா. சூரியப் புயல் அடிச்சுக் கெட்டுப்போச்சுன்னு உங்க பொண்ணு ஒரு வார்த்தை சொன்னா போதுமுங்க. சூரியன் என்ன, எறங்கி வந்து இல்லைன்னா சொல்லப் போவுது?” சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

“புயல் அடிச்சது நெசந்தான் சார்,” என்றாள் மகள். “அது கரண்டு சமாச்சாரத்தத்தான் கெடுக்கும். கண்ணாடியில பிசுக்குப் பூசாது. நம்ம பெட்டியில கரண்டெல்லாம் நல்லாத்தான் ஓடுது.”

“சொல்லலைன்னா இந்த வேலை உனக்கு எதுக்கு?” என்றார் அவர். சிரிப்பு போய்விட்டது.

சம்சாரம் என் பக்கம் சாய்ந்து குரலைத் தணித்தாள். “ஊர்ல என்ன பேசறாங்க தெரியுங்களாக்கா? தாலியில்லாதவ கை பட்டதாலதான் இப்பிடி ஆச்சுங்கறாங்க. நாங்க மூடி வெச்சிருக்கோம்.”

பேசியது யார் என்று எனக்குத் தெரியாதா? சொல்லிவிட்டு, தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்து என் பக்கம் நீட்டினாள். என் வீட்டுக்காரர் உயிரோடு இருப்பதால் எனக்கு மட்டும். பக்கத்தில் நின்ற என் மகளைத் தாண்டி வந்தது அந்தக் கை. அந்த விரல் நுனியைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. “அந்தப் பெட்டிக்குப் பொட்டு வெச்சீங்களே, அதுக்குப் புருசன் இருந்தானுங்களா?” என்று கேட்டேன்.

தட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் மகள் பத்திரிகைக்காரர்களிடம் நடந்ததைச் சொன்னாள். சந்தனம், எண்ணெய், சூடம், யார் வைத்தது, எங்கே வைத்தது, எல்லாம். அன்று சாயங்காலமே, இனி வர வேண்டாம் என்று கல்லூரியிலிருந்து போன் வந்தது. அவள் அழவில்லை. வெள்ளைப் படங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றனவாம், அவளிடம் படித்த பிள்ளைகள் போனில் அனுப்புகிறார்கள். வேறு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள்.

அந்தப் பழத்தை நாங்கள் யாரும் தொடவில்லை. மாட்டுக்குப் போட்டேன். சந்தனத்தைக் குப்பைமேட்டில் கொட்டிவிட்டுக் கையைச் சீயக்காய் போட்டுக் கழுவினேன்.