மந்திரித்த திரி

மழையில் கரண்ட் போனதும் மெழுகுதிரி ஏற்றினேன். அந்த மணம் என்னை ஆவூருக்குப் பக்கத்திலிருந்த எங்கள் பழைய வீட்டுக்கு இழுத்துப்போனது.

அறுபதுகளில், என் சின்ன வயதில், உலகம் முடியுமென்று அப்பா குறித்து வைத்திருந்த நாள். நண்பகலிலேயே வானம் இருண்டது. அப்பா கதவைத் தாழிட்டு, கோயிலில் மந்திரித்த திரியை ஏற்றினார். முழந்தாளிட்டுச் செபமாலை சொன்னோம்.

கதவு அதிர்ந்தது.

“அண்ணே, தொறங்கண்ணே! புள்ள மூச்சுவிட முடியாம தவிக்குது!” அத்தையின் குரல்.

“யாரும் அசையாதீங்க. பிசாசு நம்ம ஆளுக கொரல்லதான் கூப்பிடும்” என்றார் அப்பா.

அம்மா எழுந்துவிட்டாள். “ஆண்டவரே வந்து தட்டுனாலும் இப்படித்தான் சாத்திக்கிட்டு இருப்பீங்களா?”

தாழை நீக்கினாள். காற்றில் திரி அணைந்தது. மழையில் அத்தை, தோளில் நீலம்பாரித்த குழந்தை.

குழந்தை பிழைத்தது. அப்பா பிறகு நாள் குறிக்கவே இல்லை.

இப்போது யாரோ தட்டுகிறார்கள். யாரென்று கேட்காமலே எழுகிறேன்.