டென்மார்க் மந்திரி வந்த அன்று

தோட்டத்துத் துரை. துரைசாணி. பெரிய கிளாக்கர். டீமேக்கர். பெரிய கங்காணி. கொழும்பிலிருந்து வந்த இரண்டு உத்தியோகத்தர்கள். வெயிலில் சிவந்துபோன டென்மார்க் மந்திரி. தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு முன்னால் கொழுந்துக் கூடையோடு நாங்கள், இரண்டு வரிசையில். என் பக்கத்தில் என் நாத்தனார்.

பிள்ளைக்காம்பராவைப் பார்க்கத்தான் அந்த ஆள் வந்தார். கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவோம். பத்து மணிக்கு இறங்கி வந்து பால் கொடுப்போம். அன்று அதற்குப் புதுச் சுண்ணாம்பு. உள்ளே கிளாக்கர் பிள்ளைகளும் டீமேக்கர் பிள்ளைகளும் சப்பாத்துப் போட்டு உட்கார்ந்திருந்தன. ஆயாவுக்கு வெள்ளைச் சேலை. எங்கள் பிள்ளைகளுக்குச் சளி, சொறி என்று சொல்லி, விடியும்போதே ஸ்டோருக்குப் பின்னாலிருந்த மாட்டுக் கொட்டகையில் போடச் சொல்லிவிட்டார்கள். பார்த்துக்கொள்ள ஒரே ஒருத்தி. நிறைமாதக்காரி.

மந்திரி இங்கிலீசில் பேசினார். பெரிய கிளாக்கர் தமிழில் சொன்னார்.

"ஐயா சின்ன வயசுல பால் பண்ணையில கூலிக்கு நின்னவருங்க. நம்மள மாதிரி தொழிலாளி. அப்புறம் சங்கத்துல தலைவரானாரு. ஜனங்க ஓட்டுப் போட்டு பார்லிமெந்துக்கு அனுப்பினாங்க. ரெண்டு தடவ மந்திரி."

கங்காணி கைதட்டினார். நாங்களும் தட்டினோம்.

"பால் கறந்தவரா?" என்றாள் நாத்தனார். "அப்ப மாட்டுக் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போங்க. நம்ம புள்ளைங்களையும் பாத்துக்குவாரு."

"வாய மூடு புள்ள," என்றார் கங்காணி.

"ஓட்டுப் போட்டாங்களாம். எங்க ஓட்ட எதுக்குக் கொழும்புல புடுங்கினாங்கன்னு அவருகிட்ட கேட்டுச் சொல்லுங்க கிளாக்கரையா," என்றாள் நாத்தனார்.

கிளாக்கர் அதை இங்கிலீசில் சொல்லவில்லை. வாழ்த்துகிறாள் என்று நினைத்து மந்திரி அவளைப் பார்த்துக் கும்பிட்டார். பிற்பாடு அவர் மூன்றாம் தடவையும் மந்திரியானதாகக் கிளாக்கர் பேப்பர் பார்த்துச் சொன்னார். ஆகட்டும்.

பத்து மணிச் சங்கு ஊதியது. யாரும் அசையவில்லை. மந்திரி நடுவில் ஒரு தடவை தோற்றதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மனம் தளராமல் வருஷக்கணக்கில் காத்திருந்தாராம். எனக்கு மார் கட்டிக்கொண்டு, ரவிக்கை நனைந்துவிட்டது. என் மகனுக்கு மூன்று மாதம். வேறு எதுவும் குடிக்கமாட்டான். கொட்டகையிலிருந்து அழுகை ஸ்டோர் வரை கேட்டது. அந்த ஆளுக்கும் காது இருந்தது.

கூடையை இறக்கி வைத்தேன்.

"எங்க போற? அரைப்பேருதான் போடுவேன்," என்றார் கங்காணி. அரைநாள் சம்பளம் போய்விடும்.

"போடுங்க."

மந்திரி என்னைக் காட்டி ஏதோ கேட்டார். தேத்தண்ணி ஊற்றப் போகிறாள் என்று சொன்னாராம் கிளாக்கர். அவரே பிறகு சொல்லிச் சிரித்தார். எனக்குப் பின்னால் ஒருவரும் வரவில்லை. கங்காணி வழியை மறித்து நின்றுவிட்டார்.

சாணி ஈரத்தில் சாக்கு விரித்துப் பிள்ளைகளைக் கிடத்தியிருந்தார்கள். நிறைமாதக்காரி இரண்டை மடியில் போட்டுக்கொண்டு அவளும் அழுதாள். என் மகனுக்கு அழுது அழுது தொண்டை அடைத்துப் போயிருந்தது. எடுத்தேன். குடித்தான். மற்றப் பக்கத்தில் இருந்ததை நாத்தனார் பிள்ளைக்குக் கொடுத்தேன். அதற்குமேல் பால் இல்லை.

மீதிப் பிள்ளைகள் பன்னிரண்டு.