மலையேற்றும் பாட்டு

போன ஆடி வெள்ளியன்று கும்மிடிப்பூண்டி சிப்காட் வழியாக வந்தபோது, ஏதோ ஒரு கம்பெனி வாசலில் ஸ்பீக்கர் அம்மனை அழைத்துக்கொண்டிருந்தது. கூழ் வாசனையும் வேப்பிலை வாசனையும் வேறு. வண்டியை ஓரங்கட்டிவிட்டேன். அடுத்து என்ன பாட்டு வருகிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். காரணம் இருக்கிறது.

நான் கம்பி மில்லில் வேலைக்குச் சேர்ந்த புதிது. காம்பவுண்டு மூலையில், வேப்பமரத்தடியில் ஒரு சின்ன அம்மன். அந்த ஆடிக்கு உடுக்கைக்காரர் வரவில்லை. "நான் பாடறேன்" என்று போய் நின்றேன். முந்திரிக்கொட்டை என்று வீட்டில் சும்மாவா சொன்னார்கள்! சின்ன வயதில் கேட்ட, அம்மனை வர்ணித்து அழைக்கும் பாட்டை எடுத்துவிட்டேன். நாலாவது அடியிலேயே கேண்டீன் பவானியக்காவுக்கு அருள் வந்துவிட்டது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா ஆடிக்கொண்டே இருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத விரத உடம்பு. உதடு வெளுத்து, கால்கள் பின்ன ஆரம்பித்தன. கற்பூரம் காட்டியும் இறங்கவில்லை.

"போதும்டா, மலையேத்து" என்றார் ஃபோர்மேன்.

அருளாக இறங்கி வந்த அம்மனை மலையேற்றி வழியனுப்பத் தனிப் பாட்டு உண்டு. எனக்கு அது தெரியாது.

"இன்னாடா ஆளு நீ? கூப்ட மட்டும் கத்துக்கினு வந்து நிக்கிறியே!" என்று ஃபோர்மேன் கத்தினார்.

கிரேன் ஓட்டும் சாமுவேல் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "எங்க ஆண்டவரு எப்பவும் கூடவே கீறாரு, அனுப்புற பாட்டே கெடையாது. கிறிஸ்மஸுக்கு பாலனைத் தூங்க வைக்கிற பாட்டு ஒண்ணு இருக்குது. பாடட்டா?"

அவர் பாடினார். கிரேன் மேலிருந்து கத்தியே பழகிய குரல், அன்று அவ்வளவு தாழ்ந்து வந்தது. ஆட்டம் தளர்ந்து, அக்கா மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். "தண்ணி குடு சாமு" என்றார்.

அழைத்து வழியனுப்புவது எங்கள் பக்தி. கூடவே இருப்பவரைத் தாலாட்டுவது அவர்களுடையது. அன்று அந்த வித்தியாசத்தை யாரும் பெரிதுபடுத்தவில்லை. எனக்குத்தான் வெட்கம் தாங்கவில்லை. மறுவாரமே பள்ளிப்பட்டில் உடுக்கைக்காரர் வீட்டைத் தேடிப் போனேன். பாட்டு வராமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன். அடுத்த ஆடிக்கு முழுசாகப் பாடினேன்.

இப்போது மில் இல்லை. வேப்பமரம் நின்ற இடத்தில் குடோன். சாமுவேல் அண்ணன் காட்டுப்பள்ளிப் பக்கம் வேலை மாறிப் போய்விட்டார். பவானியக்கா காலமாகிவிட்டார்.

ஸ்பீக்கரில் அழைப்புப் பாட்டு முடிந்தது. மறுபடியும் அதே பாட்டு, முதலிலிருந்து; வழியனுப்பும் பாட்டு வரவே இல்லை.

"இன்னா சார் வேணும்?" என்றார் வாசல் செக்யூரிட்டி.

"அதைக் கொஞ்சம் நிறுத்துப்பா."

அங்கேயே நின்று, மலையேற்றும் பாட்டைக் கடைசி அடிவரை பாடிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.